இரண்டாம் பக்கம், முதல் பாட்டு

சாமான்களில் தகராறே இல்லை.
சோபா அவனுக்கு, மேசை எனக்கு.
நாய் போன வருஷமே செத்துவிட்டது, நல்லவேளை.
மிச்சம் இசைத்தட்டுகள்,
இருநூற்றுப் பதினேழு.
டாம்பெரேயில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
தரையில் உட்கார்ந்து பங்கு பிரித்தோம்
யல்மரியும் நானும்.

ஜாஸ் மொத்தமும் அவன் பக்கம் போனது.
நான் ஒப்புக்குக்கூட ஏங்கவில்லை.

இது என்னுடையது என்று ஒன்றை இழுத்தேன்.
உறையில் ஒரு கிழவர்,
மடியில் அக்கார்டியன், பின்னால் பிர்ச் மரங்கள்.
உள்ளே வேறு தட்டு.
கெமியில், கடைக்காரன் எவனோ மாற்றிப் போட்டுவிட்டான்,
லேபிளும் உரிந்திருந்தது.
ஒன்பது வயதில் ஊசியை வைத்தேன்:
இருபது முரசுகள், ஒரு விசில்,
எந்த மொழியென்றே தெரியாமல்
சிரித்துக்கொண்டே சண்டை போடும் பெண்கள்.
ஜன்னலில் காகித ஆலையின் அழுகிய முட்டை வாசம்.
அக்கார்டியன் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று
நாலு வருஷம் நம்பினேன்.
தைமி கல்யாணத்தில் நிஜ அக்கார்டியனைக் கேட்டு
கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.
இன்றைக்கும்
முகத்துக்குப் பொருந்தாத சத்தம் வந்தால்
என் காது எழுந்து உட்காரும்.
யல்மரியைப் பிடித்துப்போனதும் அப்படித்தான்.
ஆறடி மூன்றங்குலம்.
குரல் மட்டும் கொசுவினுடையது.

பிறகு 'உப்பு லாரி' வந்தது.

வாசாவிலிருந்து நாலு பேர்,
ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு
ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.
சேர்ந்து குடிவந்த அன்று
அவன் பெட்டியிலும் அது இருந்தது, என் பெட்டியிலும்.
பொருத்தத்துக்கு வேறென்ன வேண்டும்
என்றார்கள் நண்பர்கள்.
ஒன்றே இரண்டாக எதற்கு?
அவனுடையது புதுக் கருக்கு அழியாதது,
என்னுடையதில் கீறல்.
முப்பது மார்க்குக்குப் போனது,
அன்றிரவு அதில் பீட்சா சாப்பிட்டோம்.
விற்கலாம் என்று சொன்னவள் நான்தான்.

கீறல், இரண்டாம் பக்கம், முதல் பாட்டில்.
'நீ உள்ளே வந்ததும் கதவை' என்பாள்,
ஊசி குதித்துவிடும்.
டிரம்ஸில் ஓர் அடி காணாமல் போய்
அடுத்த வரியின் நடுவில் போய் விழும்.
அந்த நொண்டித் தாளத்தில்தான்
நான் ஆடப் பழகினேன்,
இடதுகாலை அரைக்கணம் முன்னால் தூக்கி.
கதவை என்ன செய்ய வேண்டும்?
பூட்டவா, உடைக்கவா, பெயர்த்தெடுத்து எரிக்கவா?
பதினாலு வயதிலிருந்து இருபத்தாறு வரை
தெரியாமலே இருந்தது.
தெரியாதது நன்றாக இருந்தது.

அவன் பிரதியில் அவள் முடித்துவிட்டாள்:
கதவைச் சாத்து, குளிர் வருகிறது.
அவ்வளவுதான்.
அந்த முழு வாக்கியத்தோடு
இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

நீயே வைத்துக்கொள் என்றான்.
இல்லை, இது உன்னுடையது.
நம்முடையது என்றான் கொசுக்குரலில்.
அன்று முழுக்க அந்தச் சொல்
அந்த ஒரு தடவைதான் வந்தது.

கடைசியாகப் போட்டுக் கேட்டோம்.
அந்த இடம் வந்ததும்
சம்மணமிட்டிருந்த என் இடதுகால்
தன்பாட்டில் ஒரு துள்ளு துள்ளியது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
'இத்தனை வருஷமும்
உனக்குத் தாளம் வராதென்று நினைத்திருந்தேன்.'
நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
அந்தத் தட்டை எடுத்து
ஜாஸ்மீது வைத்தேன்.
அவனுக்கு நூற்றொன்பது, எனக்கு நூற்றெட்டு.

இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால்
கதவைத் திறந்தபடியே விட்டுப் போனான்.
படிக்கட்டின் குளிர் உள்ளே வந்தது.
எழுந்து போகாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.